கைப்பிடி யாருக்காக?

2022 ஜூலை 18-ஆம் தேதிக்குப் பிறகு எங்கள் வீட்டு அரிசி மூட்டை ஒரு கிலோ கனத்துவிட்டது. 25 கிலோ வரை பையில் அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று அன்றைக்கு வரி வந்தது. 25-ஐத் தாண்டிவிட்டால் வரி கிடையாது. ஆலைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். கொஞ்ச நாளில் தமிழ்நாடு முழுக்க 26 கிலோ மூட்டை வந்து இறங்கிவிட்டது. வாங்குகிறவளுக்கு அதில் லாபம்தான். நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் ஒரு மூட்டை எவ்வளவு கனக்க வேண்டும் என்று நாடு தழுவிய ஒரு முடிவு எடுக்கப்பட்டபோது, அந்த முடிவில் ஒரு முதுகுகூட இடம்பெறவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2018-இல், யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. சுமப்பவர்மேல் இரக்கப்பட்டார்களோ என்று நினைத்துவிட வேண்டாம். விவசாயிகள் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்ற கணக்கில் உரம் போடுகிறார்கள், மூட்டையைச் சிறிதாக்கினால் உரம் போடுவது குறையும் என்பதுதான் காரணம். சிமெண்ட் 50 கிலோவில் நிற்கிறது. சமையல் எரிவாயு 14.2 கிலோ, அதைச் சுமக்கும் இரும்பு உருளை இன்னொரு 15, 16 கிலோ, ஆக மொத்தம் 30 கிலோ. வரி, மானியம், லாரியின் கொள்ளளவு, மண்ணின் நலம் என்று ஒவ்வொரு எடைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தூக்குகிறவர் எங்கே என்று தேடினால் காணோம்.

சட்டம் தேடவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், காயம் உண்டாக்கக்கூடிய அளவு கனமான பொருளை எந்தத் தொழிலாளியையும் தூக்க வைக்கக் கூடாது என்று தன் 34-ஆவது பிரிவில் எழுதியது. உச்சவரம்பை மாநிலங்கள் தீர்மானிக்கலாம் என்றது. பல மாநில விதிகளில் வயதுவந்த பெண்ணுக்கு 30 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் சுமைக்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதனோடு வந்த பரிந்துரை ஆணுக்கு 55 கிலோ என்று எல்லை கட்டி, பெண்ணின் எல்லை அதைவிடக் கணிசமாகக் குறைய வேண்டும் என்றது. நல்ல விஷயங்கள்தாம். ஆனால் அவை ஆலையின் வாசலில் நின்றுவிடுகின்றன. சமையல் உருளையின் எடையும் தொழிற்சாலைப் பெண்ணின் உச்சவரம்பும் ஒரே 30 கிலோவில் வந்து முட்டுவதைப் பாருங்கள். ஆலைக்குள் அதற்குமேல் ஒரு கிலோ ஏற்றினால் குற்றம். அடுப்படிக்குள் அது வீட்டுவேலை.

ஒரு மூட்டையின் பயணத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்தால் இது இன்னும் தெளிவாகும். ஆலையிலிருந்து லாரிக்கு ஏற்றுகிறவருக்குச் சுமைக்கூலி உண்டு. லாரியிலிருந்து கடைக்கு இறக்குகிறவருக்கும் உண்டு. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, 1982-இல் தமிழ்நாடு அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென இயற்றிய சட்டம் இருக்கிறது. கையில் சொந்தக் கொக்கி ஒன்றும் இருக்கிறது. மூட்டையில் பிடி வைக்காமல் அனுப்புவார்கள் என்று தெரிந்து அவர்களே கொண்டுவரும் கைப்பிடிதான் அந்தக் கொக்கி. கடைப்பையன் வண்டியில் கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டுப் போகிறான். வாசல்படியிலிருந்து அரிசிப் பானைக்கு இருக்கும் கடைசிப் பத்தடிக்குத்தான் கூலி இல்லை, கொக்கி இல்லை, சட்டம் இல்லை. அந்தப் பத்தடியை யார் கடக்கிறார்கள் என்று எந்த ஆலையும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் அது பத்தடியாகவும் இருப்பதில்லை. நான் இருப்பது கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடையில். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வீடுகள். ரோடு ஒரு மட்டத்தில் போகும், வீடு அதற்குக் கீழே நாற்பது படியில் இருக்கும் அல்லது மேலே அறுபது படியில் இருக்கும். சிலிண்டர் வண்டி ரோட்டில் நின்று ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருக்கும். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் இணைப்பைப் பெண்ணின் பெயரிலேயே தருகிறது. பெயரோடு சேர்த்து அந்த அறுபது படியும் அவள் பெயருக்கு வந்துவிட்டது. ஐந்து கிலோ உருளையும் கிடைக்கிறது. ஆனால் சீக்கிரம் தீர்ந்து அடிக்கடி படியேற வேண்டியிருக்கும் என்று பலரும் பெரியதையே வைத்துக்கொள்கிறார்கள்.

கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை என்பதற்காகப் பத்திரிகைகளில் அடிக்கடி படம் வரும். பல தலைமுறைகளாக அந்த ஊருக்கு ரோடு இல்லை என்பதுதான் அதைவிட முக்கியமான செய்தி. உப்பு, அரிசி, கல், கம்பி எல்லாம் குதிரை முதுகிலும் மனிதர் தலையிலும் போயிருக்கின்றன. பிரசவ வலி எடுத்தவளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். அந்த ஊர் இருப்பது, பெரியகுளம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு மலையேறிய பழைய பாதையில். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் மேலே முதல் வீடுகளைக் கட்டியதற்குப் பிறகு, வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் ரோடு வரும்வரை, துரைகளும் துரைசாணிகளும் அவர்களுடைய பெட்டி படுக்கையும் இந்த மலையில் மனிதர் தோளில்தான் ஏறின. ஆங்கிலேயர் அந்தப் பாதைக்கு வைத்த பெயரே ‘கூலி காட்’. சுமந்தவர் ஒருவர் பெயரும் மிஞ்சவில்லை, பாதைக்கு அவர்களுடைய கூலி மட்டும் பெயராகிவிட்டது.

இப்போது கைப்பிடிக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றையெல்லாம் படித்துவிட்டு, ‘இவ்வளவு பெரிய அநியாயத்தில் கைப்பிடி என்னத்துக்கு?’ என்று தோன்றலாம். என் கணக்கு இதுதான்: ஒரு பொருளில் கைப்பிடி இருந்தால், இதை ஒரு மனிதக் கை தூக்கப்போகிறது என்று அதைச் செய்தவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கைப்பிடி இல்லாத 26 கிலோ மூட்டை, தன்னை யாரும் தூக்கப்போவதில்லை என்று பொய் சொல்கிறது. கடையில் பாருங்கள், ஐந்து கிலோ பாசுமதிப் பைக்கு ஜிப்பும் தடித்த நாடாவில் பிடியும் தைத்திருப்பார்கள். 26 கிலோ சாப்பாட்டு அரிசி மூட்டை பெரும்பாலும் நேர்கோட்டில் மிஷின் தையல் போட்டு மொட்டையாக நிற்கும். எடை குறையக் குறையப் பிடி வருகிறது. காரில் வந்து வாங்குகிறவருடைய கை அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது போல.

கையால் கோணி தைத்த காலத்தில் இந்த மொட்டைத்தனம் இல்லை. எங்கள் ஊரில் இன்னமும் பீன்ஸ் மூட்டையையும் காப்பி மூட்டையையும் கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைக்கிறார்கள். இரண்டு மூலையிலும் கொஞ்சம் துணியை இழுத்து, முறுக்கி, சணலைச் சுற்றிக் ‘காது’ விடுவார்கள். இரண்டு காதையும் பிடித்தால் மூட்டை கைக்குள் வரும். யாரும் வடிவமைப்புப் பள்ளியில் படித்து அதைக் கண்டுபிடிக்கவில்லை. தைக்கிறவரும் தூக்குகிறவரும் ஒருவராகவோ, பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்களாகவோ இருந்தார்கள், அவ்வளவுதான். தைப்பது மிஷினுக்குப் போய், தூக்குவது முன்பின் தெரியாத ஒருத்திக்குப் போன நாளில் காது காணாமல் போயிற்று.

நல்ல கைப்பிடி எப்படி இருக்க வேண்டும் என்பது ரகசியம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் சுமை தூக்குவதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாமே சாதகமாக அமைந்தால், அதாவது பொருள் உடம்போடு ஒட்டியிருந்து, இடுப்பைத் திருப்ப வேண்டியில்லாமல், குனிய வேண்டியில்லாமல், எப்போதாவது ஒருமுறை தூக்குவதாக இருந்தால், 23 கிலோ. அதிலிருந்து ஒவ்வொரு கஷ்டத்துக்கும் கழித்துக்கொண்டே வர வேண்டும். பிடி மோசமாக இருந்தால் அதற்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு போய்விடும். நல்ல பிடியின் இலக்கணத்தையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான்கு விரல் வசதியாக உட்கார 11.5 சென்டிமீட்டர் நீளம், முஷ்டி உள்ளே போய்வர 5 சென்டிமீட்டர் இடைவெளி, உருண்டையான பிடியாக இருந்தால் குறுக்களவு ஏறக்குறைய 2-லிருந்து 4 சென்டிமீட்டருக்குள், வழுக்காத, ஆனால் சொரசொரப்பும் இல்லாத மேற்பரப்பு. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவில் பத்துக் கிலோவைத் தூக்கி நடந்தவர்களுக்கு இந்த அளவுகள் விளங்கும். விரலின் உள்பக்கம் ஒரு கோடு வெள்ளையாகி, பிறகு சிவந்து, அன்று ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது எரியும். எடை அதேதான். அது உட்காரும் இடம் ஒரு நூலளவு குறுகியதால் வந்த வேதனை அது.

அந்த இலக்கணத்தில் இல்லாத ஒன்றை நான் சேர்ப்பேன், வளையல். சிலிண்டரின் மேல் வளையத்துக்குள் கையை விடும்போது கண்ணாடி வளையல் இரும்பில் முட்டும். கையை வெளியே எடுக்கும்போது சிக்கும். சிலிண்டரை உருட்டுவதற்கு முன் வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து நாமும் அப்படியே செய்கிறோம். கையில் வளையல் போட்டுத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் வீடு, வளையல் போட்ட கை நுழையும் அளவு எந்தப் பிடியிலும் இடம் விட்டதில்லை.

கொடைக்கானல் டவுனில் இன்னொரு கூத்து. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை. மீறிக் கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. மலைக்கு அது வேண்டியதுதான், சோலைக்குள் பாட்டில் பொறுக்கியவர்களுக்குத் தெரியும். ஆனால் சிறியது தடைபட்டால் பெரியது வரும். விடுதிகளிலும் காட்டேஜ்களிலும் 20 லிட்டர் கேன்தான் இப்போது அறைக்கு அறை போகிறது. 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ, கேனின் எடை தனி. உருண்டையான, வழுக்கும், பெரும்பாலும் பிடியே இல்லாத அந்தக் கேனைப் படியேற்றுவது அறை துடைக்கிற பெண். நல்ல நோக்கத்தோடு எழுதிய விதிக்கும் ஒரு தூக்குகிறவள் இருக்கிறாள். எழுதும்போதே அவளைக் கேட்டிருந்தால் கேனுக்குப் பிடி கட்டாயம் என்று ஒரு வரி சேர்ந்திருக்கும்.

பெண்களும் பாரமும் என்று வந்தால், மேற்கத்தியப் பெண்ணியத்தில் எல்லோரும் சுட்டுகிற கட்டுரை ஐரிஸ் மரியன் யங் 1980-இல் எழுதியது. பந்து எறிவது, நடப்பது, தூக்குவது என்று உடம்பின் சாதாரண அசைவுகளை எடுத்துக்கொண்டு, பெண் தன் உடம்பை முழுவதும் நம்பி ஒரு காரியத்தில் இறங்காதபடி எப்படி வளர்க்கப்படுகிறாள் என்று அவர் காட்டினார். கனமானதைத் தூக்கும்போது தொடையின் பலத்தைப் பயன்படுத்தாமல் கையாலும் தோளாலும் மட்டும் மல்லுக்கட்டுகிறாள் என்றும் எழுதினார். மாணவிகள் இதைப் படிக்க வேண்டும். ஆனால் படித்துவிட்டு ஒரு காலை நேரம் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டு வயலோரம் நிற்கவும் வேண்டும். அங்கே பெண்கள் காலை அகட்டி ஊன்றி, தொடையில் மூட்டையைச் சாய்த்து, அங்கிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து தலைக்கும் ஏற்றுவதைப் பார்க்கலாம். முந்தானையை முறுக்கிச் சும்மாடு வைக்கும் அந்தக் கைக்குத் தன் உடம்பின்மேல் சந்தேகமே இல்லை. தான் எழுதுவது தொழில்வளர்ச்சி பெற்ற நகரச் சமூகத்துப் பெண்களைப் பற்றி என்று யங் தெளிவாகவே எல்லை போட்டுக்கொண்டார். நம் ஊரில் பிரச்சினை தலைகீழ். இங்கே பெண்ணின் உடம்பு முழுவதும் தூக்குவதற்குப் பழக்கப்பட்டிருக்கிறது, அதனாலேயே பொருளைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிடி இல்லாவிட்டால் என்ன, அவள் இடுப்பே பிடி.

குடத்தைப் பாருங்கள். ஒடுங்கிய கழுத்தைக் கை வளைத்துக்கொள்ளும், பருத்த வயிறு இடுப்பில் உட்காரும். இந்தியப் பாத்திரத்தின் இந்த மாதிரி அழகைப் பார்த்துத்தான் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் அரசுக்குக் கொடுத்த தங்கள் அறிக்கையில் சாதாரணச் சொம்பை வியந்து எழுதினார்கள். இதை எப்படிக் கொண்டுபோவார்கள், தலையிலா, இடுப்பிலா, கையிலா என்பதும் அவர்கள் அடுக்கிய கேள்விகளில் ஒன்று. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1961-இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. நாட்டின் வடிவமைப்புக் கல்வி ஒரு சொம்பை எப்படித் தூக்குவது என்ற கேள்வியோடு பிறந்திருக்கிறது. அரிசி மூட்டைவரை அந்தக் கேள்வி வந்து சேர அறுபது ஆண்டு போதவில்லை.

என் சொந்த அனுபவம் அட்டைப்பெட்டியில். எங்கள் மகளிர் குழு பட்டர் ஃப்ரூட் கட்டி அனுப்புகிறது. காப்பிக்கு நிழலாக நின்ற மரங்கள் இப்போது காப்பியைவிட நல்ல காசு தருகின்றன. 15 கிலோ பெட்டி, மதுரைக்கும் பெங்களூருக்கும் போகும். பெட்டி வாங்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டு பக்கமும் கைவிட ஓட்டை வேண்டும் என்று பெட்டிக் கம்பெனிக்காரரிடம் கேட்டேன். அவர் உடனே சொன்ன பதில்: “ஓட்டை போட்டா பெட்டியோட பலம் போயிரும்மா.”

அவர் சொன்னது உண்மை. அட்டைப்பெட்டி என்பது நடுவே அலை அலையாக மடித்த தாளை வைத்து ஒட்டியது. அந்த அலைகள் நின்றவாக்கில் தூண் மாதிரி மேல்பாரத்தைத் தாங்குகின்றன. பக்கச்சுவரில் ஓட்டை போட்டால் தூண்களில் சிலவற்றை வெட்டிவிடுகிறோம். அதோடு எங்கள் மலையின் ஈரம். பனிமூட்டம் இறங்கினால் தாள் ஈரத்தை உறிஞ்சி, அட்டை அப்பளம் போல நமுத்துவிடும். குடோனில் ஏழு பெட்டி அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்கும். அவர் தன் தொழிலை அறிந்தவர், பொய் சொல்லவில்லை.

ஆனாலும் அந்தச் சொல் என்னோடே வந்தது. பெட்டியோட பலம். பெட்டியின் பலம் என்றால் அதன்மேல் இன்னொரு பெட்டியைத் தாங்கும் பலம் என்று முடிவு செய்தது யார்? ஒரு கை பிடித்துத் தூக்கும்போது கிழியாமல், வழுக்காமல், விரலை அறுக்காமல் இருப்பதும் பெட்டியின் பலம்தானே? குடோனில் அது அடுக்கப்பட்டிருக்கும் நேரம் ஒரு ராத்திரி. அதற்கு முன்னும் பின்னும் அது கை மாறிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்திலிருந்து எடைபோடும் இடம், அங்கிருந்து ரோடு, ரோட்டிலிருந்து வண்டி. எங்கள் பக்கத்து மூன்று தூக்கலும் எங்கள் கைதான். பெட்டியின் சோதனைகளில் அழுத்திப் பார்ப்பதற்கு மிஷின் இருக்கிறது. தூக்கிப் பார்க்க ஒரு பெண்ணைக் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பேசிப் பேசி வழி பிறந்தது. சுவரின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள், பெட்டியின் மூலைகளிலிருந்து தள்ளி, ஓட்டையைப் போடலாம். பாரத்தை முதலில் தாங்குவது மூலைகள். ஓட்டையின் ஓரங்களை நேர்வெட்டாக விடாமல் வளைத்தால் கிழிவு தொடங்காது. வெட்டிய அட்டையை முழுவதும் எடுத்துவிடாமல் மேல்விளிம்பில் மட்டும் விட்டு உள்பக்கமாக மடித்தால், அது விரலுக்கு மெத்தையாகும். அட்டையை 3 பிளையிலிருந்து 5 பிளையாக மாற்றினால் இழந்த பலம் திரும்ப வரும். எல்லாம் சேர்த்துப் பெட்டிக்குச் சில ரூபாய் கூடும். அந்தச் சில ரூபாயை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் இரண்டு கூட்டம் போயிற்று.

மூன்றாவது கூட்டத்தில் குழுவிலேயே மூத்தவரான ஓர் அக்கா குறுக்கே பேசினார். எல்லோரும் கைப்பிடிக்குக் கைதூக்கிக்கொண்டிருந்த நேரம். “கைப்பிடி வச்சிட்டா, அதான் பிடி இருக்குல்ல, நீயே தூக்கிட்டு வந்துருன்னுருவாக. இப்பவாச்சும் தூக்க முடியலப்பான்னு சொல்லி ஒரு ஆளக் கூப்பிடுறோம்.”

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு முழு வரலாறு இருக்கிறது. மிக்ஸி வந்தபோது அம்மிக்குழவி போயிற்று, ஆனால் அரைப்பது அவளிடமே நின்றது, மூன்று வேளைக்கும் புதுச் சட்னி என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தது. பிளாஸ்டிக் குடம் வந்து பித்தளைக் கனம் போனதும், ‘இதைச் சின்னப்பிள்ளையே தூக்கலாமே’ என்று பத்து வயது மகளிடமும் ஒரு குடம் வந்தது. ‘பெண்களும் எளிதாகக் கையாளலாம்’ என்று விளம்பரம் சொல்லும்போதெல்லாம் அதற்குள் ஒரு மௌன வாக்கியம் இருக்கிறது: ஆகவே பெண்களே கையாளட்டும். கைப்பிடி, தூக்குகிறவளை ஒப்புக்கொள்கிறது என்று முன்பே சொன்னேன். ஒப்புக்கொள்வதற்கும் ஒப்படைத்துவிடுவதற்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு.

தலைச்சுமைக்கு இன்னொரு ஆள் வேண்டும். தரையிலிருந்து விறகுக்கட்டைத் தானாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. ‘செத்த தூக்கி விடு மதினி’ என்று ஒருத்தி கேட்க வேண்டும், இன்னொருத்தி தன் கட்டை வைத்துவிட்டு வர வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பாதி ஊர்ச்செய்தி கைமாறிவிடும். யார் வீட்டில் அடி விழுந்தது என்பதும் அப்போதுதான் தெரியவரும். ஒற்றைக் கைப்பிடி அந்த இரண்டாவது ஆளை வேண்டாததாக்குகிறது. இதைச் சொல்வதால் விறகுச்சுமையின் புகழ் பாடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சுமையில் கழுத்தெலும்பு தேய்ந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். வலி குறைய வேண்டும், கேட்டால் ஒரு கை வர வேண்டும், இரண்டும் வேண்டும் என்கிறேன்.

கல்யாண வீட்டு அண்டா நினைவுக்கு வந்தது. அதற்கு எதிரெதிரே இரண்டு காது, காதில் வளையம். ஒற்றை ஆள் அதைத் தூக்க முயன்றால் சிரிப்பார்கள். கனமானது, இருவர் வாருங்கள் என்று அதன் உருவமே சொல்கிறது. அண்டாவைத் தூக்குகிறவர்கள் தவசுப்பிள்ளையும் அவருடைய ஆட்களும். வீட்டுக்குள் அவள் தினமும் தூக்குகிற குடத்துக்கோ சருவத்துக்கோ காது கிடையாது, அது ஒருத்திக்கான பாத்திரம். எது இருவருடைய வேலை, எது ஒருத்தியுடைய வேலை என்று நம் பாத்திரங்கள் என்றைக்கோ தீர்ப்பு எழுதிவிட்டன.

சுமப்பவரை மறக்காத ஊர் நம்முடையது என்று சொல்லிக்கொள்ள நமக்கு இடும்பன் இருக்கிறார். இரண்டு மலையைக் காவடியாகக் கட்டிச் சுமந்தவருக்குப் பழனிப் படியில் சன்னதி வைத்திருக்கிறோம், அவரைத் தாண்டித்தான் முருகனிடம் போகிறோம். கதையில் இடும்பி என்று ஒருத்தியும் வருகிறாள். புருஷன் உயிருக்கு மன்றாடுவது அவள் பங்கு. வழியெல்லாம் அவள் கையில் என்ன இருந்தது என்று கதை சொல்வதில்லை. ஒன்றும் இல்லாமல் வந்திருப்பாள் என்று நான் நம்பவில்லை.

ஆனால் நம் பழைய ரோடுகளின் ஓரத்தில் வேறொன்று நிற்கிறது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கி. தோள் உயரத்தில் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கூப்பிடாமல், குனியாமல், அப்படியே பாரத்தைத் தள்ளி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். திரும்ப ஏற்றிக்கொள்ளவும் அதே உயரம் உதவும். பிரசவத்துக்கு முன்பே, வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இந்தக் கல்லை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமை, வழிப்போக்கர்கள் இறக்கி வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் குறையும் என்பது நம்பிக்கை. நான் அறிந்தவரை நம் ஊர்களில் தூக்குகிறவர் உடம்பை அளந்து, தூக்குகிறவருக்காகவே செய்யப்பட்ட பொதுச்சாதனம் அது ஒன்றுதான். அதைச் செய்ய வைக்க ஒருத்தி சாக வேண்டியிருந்தது. இப்போது பல இடங்களில் அதில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த அக்கா பேசியதற்குப் பிறகு குழுவில் பேச்சு கைப்பிடியிலிருந்து எடைக்குத் திரும்பியது. 15 கிலோ என்பது எங்கிருந்து வந்தது என்று ஒருத்தி கேட்டாள். வியாபாரி கேட்கிற அளவு, வேறு காரணம் ஒன்றும் இல்லை. பத்து என்று முடிவெடுத்தோம். ஓட்டை எதிரெதிர் பக்கம் இரண்டு, வளையலோடு கை நுழையும் அகலத்தில். ஒருத்தி தனியாகவும் தூக்கலாம், ஆளுக்கொரு பக்கம் பிடித்து இருவர் இரண்டு பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தும் தூக்கலாம். எடைபோடும் இடத்தில், இடுப்பு உயரத்துக்கு, பழைய பலகையால் ஒரு நீள பெஞ்சு அடித்தோம். தரையில் பெட்டி வைக்கக் கூடாது என்பது விதி. என்னைக் கேட்டால் கைப்பிடியைவிட அந்த பெஞ்சு பெரிய உபகாரம். தோட்டத்திலிருந்து பெட்டி கொண்டுவருவதை வீட்டு ஆண்கள் முறை வைத்துச் செய்ய வேண்டும் என்றும் தீர்மானத்தில் எழுதினோம். அதில் மூன்று வீட்டில் சண்டை நடந்தது, இரண்டு வீட்டில் வேலை நடக்கிறது.

பெட்டிக்குக் கூடிய காசில் பாதியை வியாபாரி ஏற்றுக்கொண்டார். பழம் அடிபடாமல் வருகிறது என்பதற்காக ஏற்றுக்கொண்டார், எங்கள் விரலுக்காக அல்ல. பரவாயில்லை, காரணம் எதுவாக இருந்தாலும் காசு காசுதான் என்று வாங்கிக்கொண்டோம்.

போன மாதம் சரக்கோடு மதுரை மண்டிக்குப் போயிருந்தேன். அங்கே சுமை தூக்கும் அண்ணன்களுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. பத்துக் கிலோப் பெட்டியை ஒவ்வொன்றாகக் கொண்டுபோனால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மூன்று பெட்டியை அடுக்கி, நாங்கள் சண்டைபோட்டு வாங்கிய ஓட்டைகளின் வழியே கயிற்றைக் கோத்து, ஒரே கட்டாக இறுக்கி, முதுகில் ஏற்றிக்கொண்டார். 30 கிலோ. “கயிறு கோக்க நல்ல தோதா ஓட்ட வச்சிருக்கீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். நடைக்கணக்கை எடைக்கணக்காக மாற்ற முடியுமா என்று அவர்கள் சங்கத்து ஆளிடம் கேட்டேன். “பொம்பளையாளு வந்து கேக்குறீக” என்று சிரித்தார். பிறகு, மண்டி லீவு நாளில் வந்தால் உட்கார்ந்து பேசலாம் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான், அந்த அக்கா, இன்னும் இரண்டு பேர் போகிறோம்.